ஆப்கன் ஹவுண்ட்: தண்ணீருக்கு முன் சீப்பு

சமீபத்தில் ஒருவர் தன் 14 மாத ஆப்கன் ஹவுண்ட் நாயைக் கூட்டிவந்து காட்டினார். குளிப்பாட்டிக் காயவைத்து, பார்க்கப் பளபளவென்று இருந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டேன். தோலோடு ஒட்டிய கம்பளித் துண்டு மாதிரி ஒரு சிக்கு. அக்குளில் இன்னும் இரண்டு. என் முதல் நாய்க்கு நான் செய்த அதே தவறு. அதையும், ஆப்கன் வளர்ப்பவர்கள் செய்யும் வேறு சில தவறுகளையும் இங்கே சொல்கிறேன்.

சிக்கோடு குளிப்பாட்டுவது

ஏறக்குறைய 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குட்டி முடி உதிர்ந்து பட்டு முடி வளரும். உதிர்ந்த முடி தரையில் விழாமல், வளரும் நீள முடிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நேற்று மாலை சீவிய இடத்தில் இன்று காலை சிக்கு இருக்கும். ஷாம்பு போட்டால் இளகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இளகாது. நனைத்துத் தேய்த்தால் கம்பளி எப்படிக் கெட்டியாகுமோ, அப்படியே இறுகும்.

என் நாய்க்கு அப்போது 13 மாதம். வட்டம் வட்டமாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, துண்டால் அழுத்தித் துவட்டினேன். இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தும் முடியாமல் மழிக்க வேண்டியதாயிற்று. அடியில் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. பழைய நீளத்துக்கு முடி வளர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கத்தை அவள் கடைசிவரை விடவில்லை. அதனால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நாயை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கண்டிஷனரைத் தண்ணீரில் கரைத்து லேசாகத் தெளியுங்கள்; காய்ந்த முடியைச் சீவினால் ஒடியும். காலடியில் தொடங்கி, தோல் தெரிய வகிடெடுத்து, வரிவரியாக மேலே போங்கள். சிக்கை முதலில் விரலால் பிரித்து, நுனியிலிருந்து சீவுங்கள். மேலாகப் பிரஷ் ஓடுவதை நம்பாதீர்கள். எஃகுச் சீப்பு தோலிலிருந்து நுனிவரை தடையில்லாமல் வர வேண்டும். அக்குள், காதின் பின்புறம், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கு எல்லாம் பார்த்த பிறகுதான் தண்ணீர். ஷாம்புவை முடி போகிற திசையிலேயே வழியவிடுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டிரையர் காற்று படும்போதே சீவிக்கொண்டு வாருங்கள். தானாகக் காயவிட்டால் மறுபடி சுருண்டுகொள்ளும்.

முதுகு முடி கொட்டுகிறதென்று பயப்படுவது

வளர்ந்த ஆப்கனுக்கு முதுகில் சேணம் போட்டது போலக் குட்டை முடிதான் இருக்கும். தோலில் புண்ணோ அரிப்போ இல்லையென்றால் மருந்து தேட வேண்டாம்.

வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது

வேண்டாம். தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

இடுப்பெலும்பு தெரிகிறதென்று தீனியைக் கூட்டுவது

இந்த இனத்துக்கு அது தெரியத்தான் வேண்டும்.

மயக்க மருந்துக்கு முன் பேசாமல் இருப்பது

பார்வையால் வேட்டையாடும் இனங்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு. அப்படிப்பட்ட கிரேஹவுண்ட் நாய்க்குத் தயோபென்டால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மயக்கம் தெளிய மற்ற நாய்களைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆப்கனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அத்தனை முடியோடு பார்த்தால் கனமான நாய் போலத் தெரியும். கண் மதிப்பில் விடாமல், அன்றைக்கே தராசில் நிறுத்தி எடை பார்க்கச் சொல்லுங்கள்.