பழைய புரோகிராம் நிண்டா உடன கேர்னலை ஏசாதேங்கோ

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடையள்லயும் கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகங்கள்லயும் இன்னும் பத்துப் பதினைஞ்சு வருசப் பழைய புரோகிராமை வச்சுத்தான் பில் போடுறது, கணக்குப் பாக்கிறது எல்லாம். லினக்ஸ் மெஷின்ல அப்டேட் ஒண்டு வந்து அது நிண்டுட்டா, சிஸ்டத்தின்ர மையப் பகுதியான கேர்னல்லதான் பிழையெண்டு நினைச்சு, "புதுக் கேர்னல் கெடுத்துப்போட்டுது" எண்டு பழைய கேர்னலைப் போட்டு அதிலயே வருசக்கணக்கா இருந்திடுவினம், செக்கியூரிட்டி பேட்ச் ஒண்டும் வராது. பெரிய பிழையே இதுதான்.

ஏனெண்டா லினக்ஸ்ல யூசர் புரோகிராமைக் கேர்னல் உடைக்கக்கூடாது எண்டுறதில அதை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் சரியான கண்டிப்பு, 2012 டிசம்பர்ல இதை மீறின டெவலப்பர் ஒராளுக்குப் பகிரங்கமாவே ஏச்சு விழுந்தது. 2011ல கேர்னல் வெர்ஷன் 2.6.39ல இருந்து 3.0க்குப் போனப்போ, நம்பர் 2.6 எண்டுதான் தொடங்கும் எண்டு நம்பி எழுதின சில புரோகிராம் குழம்பிச்சுது, அதுகளுக்காக 'நான் 2.6 தான்' எண்டு பொய் சொல்ற வசதியையே கேர்னலுக்குள்ள வச்சவை! (நீங்க புரோகிராம் எழுதுற ஆளெண்டா வெர்ஷன் நம்பரைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, வேணும்கிற வசதி இருக்கா எண்டு பாருங்கோ.)

அப்ப உடையிறது எது? கனக்கத் தரம் லைப்ரரிதான், அதாவது புரோகிராமுகள் பொதுவாப் பாவிக்கிற கோட் தொகுப்பு. உபுண்டு 22.04ல கொம்பைல் பண்ணினதை (எழுதின கோடை ஓடுற ஃபைலா மாத்தினதை) 20.04 மெஷினுக்குக் கொண்டு போனா ஜிலிப்சி (லினக்ஸின்ர அடிப்படை லைப்ரரி) 2.34 இல்லை எண்டு கத்தும், கேர்னலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொம்பைல் பண்றதை உங்களிட்ட இருக்கிற ஆகப் பழைய டிஸ்ட்ரோவில (உபுண்டு மாதிரி லினக்ஸ் பதிப்பில) பண்ணுங்கோ.

இன்னொண்டு, 32 பிட் புரோகிராம். ஃபைல் கண்ணுக்கு முன்னால கிடக்கும், ரன் பண்ணினா 'அப்பிடி ஒரு ஃபைல் இல்லை' எண்டு சொல்லும், சனம் திருப்பித் திருப்பிக் கொப்பி பண்ணிப் பாக்கும். இல்லாதது அந்த ஃபைல் இல்லை, அதை ஏத்துற 32 பிட் லோடர். 32 பிட் லைப்ரரிகளை இன்ஸ்டால் பண்ணினா அனேகமா ஓடும்.

கொன்டெய்னருக்குள்ள (புரோகிராமையும் அதுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேத்துக் கட்டின பெட்டி மாதிரி) போட்டா எதுவும் நடக்காது எண்டு நினைக்கிறதும் பிழை, கொன்டெய்னர் பாவிக்கிறதும் அதை ஓட்டுற ஹோஸ்ட் மெஷின்ர கேர்னலைத்தான். சென்ட்ஓஎஸ் 6 எண்ட பழைய டிஸ்ட்ரோவின்ர கொன்டெய்னர் இமேஜ் சில புது டிஸ்ட்ரோக்கள்ல ஒரு எரர் மெசேஜும் இல்லாம 139 எண்ட கோடோட செத்துப்போகும். அதில இருக்கிற ஜிலிப்சி 2.12, விசிஸ்கால் எண்ட பழைய வழியாத்தான் நேரம் கேக்கும், அந்த வழியைப் பாதுகாப்புக்காக மூடிட்டினம். ஹோஸ்ட் மெஷின் தொடங்கேக்க கேர்னலுக்குக் குடுக்கிற பூட் லைன்ல விசிஸ்காலை எமுலேட் எண்டு போட்டா ஓடும், ஆனா இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கிற சேர்வர்ல அதைச் செய்யாதேங்கோ.

டிரைவர் கதை வேற. கேர்னலுக்குள்ள ஏறுற மொடியூலுக்கு 'உடைக்கமாட்டம்' எண்ட அந்த வாக்குறுதி கிடையாது, ஒவ்வொரு கேர்னலுக்கும் திருப்பிக் கொம்பைல் பண்ணவேணும், டிகேஎம்எஸ் எண்ட டூலைப் போட்டு வச்சா தானா நடக்கும்.

விண்டோஸ் ஆக்களுக்கு ஒண்டே ஒண்டு: 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் புரோகிராம் ஓடாது, விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே இல்லை. டொஸ் காலத்து பில்லிங் வச்சிருக்கிறவை பம்பலப்பிட்டிக் கொம்பியூட்டர் கடையளுக்குப் போய்ப் புது மெஷினுக்குக் காசு கட்ட முதல் டொஸ் புரோகிராமை ஓட்டுற டொஸ்பொக்ஸ்ல ஓடுதா, பிரிண்ட் வருதா எண்டு பாருங்கோ.

எல்லாம் பாத்தும் சந்தேகமெண்டா, வேற ஒண்டையும் மாத்தாம மெஷின் தொடங்கேக்க வாற கிரப் மெனுவில பழைய கேர்னலை மட்டும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. அதில ஓடி இதில நிண்டா அது உண்மையாவே கேர்னல் பிழைதான், ரெண்டு வெர்ஷன் நம்பரையும் எழுதி பக் ரிப்போர்ட் போடுங்கோ, அதை அவை சும்மா விடமாட்டினம்.