மயில் வேஷமும் மாறிப்போன இனிஷியலும்: தொடக்கப் பள்ளிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மயிலாக வந்து நின்றான். முதுகில் ஈர்க்குச்சியில் சார்ட் பேப்பர் ஒட்டிய தோகை, தலையில் கொண்டை, முகமெல்லாம் நீலச் சாயம். மற்ற பிள்ளைகள் எல்லாரும் சீருடையில். முந்தின நாள் மாலை மணி அடிக்கும்போது நான் சொன்னது, "நாளைக்கு மயில் பாட்டு, எல்லாரும் வந்துடணும்" என்பதுதான். வீடு போய்ச் சேர்வதற்குள் அது "நாளைக்கு எல்லாரும் மயிலா வந்துடணுமாம்" என்று ஆகிவிட்டது. தையல் வேலை முடித்துவிட்டு வந்த அவன் அம்மா இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். அன்றைக்குப் பாட்டுக்கு அவனைத்தான் முன்னால் நிறுத்தினேன். வேறென்ன செய்ய?

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் வருகிற சிக்கல்களை யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்த மயில் கதைதான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைத் தபால்காரர் ஆக்கிவிடுகிறோம். பள்ளிச் செய்தி வீட்டுக்கு வருவதும் அவன் வாயால், வீட்டுச் செய்தி பள்ளிக்குப் போவதும் அவன் வாயால். "காய்ச்சல் அடிச்சுதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிடு" என்று வாசலில் இறக்கிவிட்டுப் போகிறோம். உள்ளே வந்ததும் அவனுக்கு முதலில் தெரிவது ஊஞ்சல். காய்ச்சல் அங்கேயே மறந்துபோகும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய வதந்தி எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளி அறிவிப்பு கிடக்கிறது. நீலக் குறி விழுந்துவிடுகிறது, யாரும் படித்ததில்லை. இதில் எங்கள் தவறும் உண்டு. பல வீடுகளில் இருப்பது ஒரே போன்; அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறது. "குரூப்ல போட்டோமே" என்று நாங்கள் கைகழுவிக்கொள்வது சரியில்லை. அதனால் முக்கியமானதை வாசல் கரும்பலகையிலும் எழுதுகிறோம். பிள்ளையை விட வரும்போது பத்து விநாடி அதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெற்றோரைக் கேட்காதீர்கள், எங்களையே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் பிள்ளையைத்தான் கேட்டிருப்பார்.

குடற்புழு மாத்திரை நாள்

இந்தத் தபால் சிக்கல் உடம்பு விஷயத்தில் வரும்போதுதான் பயமாக இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு நீக்க நாள் வரும். நாம் பூச்சி மாத்திரை என்போம். பெயர் அல்பெண்டசோல், எங்கள் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம். 1 முதல் 19 வயது வரை எல்லாருக்கும் உண்டு. மென்று விழுங்க வேண்டும், அப்படியே முழுங்கக் கூடாது.

அன்றைக்கு மட்டும் வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும். "மாத்திரை சாப்பிட்டா மயக்கம் வருதாமே" என்று எங்கிருந்தோ ஒரு குரல் பதிவு வரும், சில வீடுகளில் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். நிஜம் இதுதான்: வயிற்றில் புழு நிறைய இருக்கும் பிள்ளைக்கு மாத்திரை போட்டதும் லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம். பெரும்பாலும் சீக்கிரமே சரியாகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் மாத்திரை அதிகம் தேவை. புழு இருக்கும் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது, சோர்ந்து போகிறது, பதினோரு மணிக்கே மேஜையில் தலை சாய்க்கிறது. அதைப் பார்த்து "படிப்பு ஏறல" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. 101 டிகிரி காய்ச்சலோடு அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு அன்று மாத்திரை தர மாட்டோம். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு, ஒன்றும் போய்விடாது. வலிப்புக்கோ வேறு எதற்கோ பிள்ளை தினமும் மருந்து சாப்பிடுகிறது என்றால், அதை ஒரு தாளில் எழுதி உங்கள் கையாலேயே எங்களிடம் கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது, விளையாட்டு நேரத்தில் அவள் கீழே விழுந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது..." என்று அம்மா இழுத்தார். எட்டு வயதுப் பெண்ணுக்கு!

அம்மை போட்டிருந்தால்

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வகுப்பில் இடம் காலியாகத் தொடங்கினால் நான் முதலில் நினைப்பது அம்மையைத்தான். வீட்டில் வேப்பிலை செருகியிருக்கும், வெளியில் சொல்ல மாட்டார்கள். பத்து நாள் கழித்துப் பிள்ளை வரும். "தண்ணி ஊத்தியாச்சு டீச்சர்" என்பார்கள். அந்த நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. என் வீட்டிலும் வேப்பிலை செருகியிருக்கிறோம். ஆனால் தண்ணீர் ஊற்றிய நாளை வைத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். சட்டையைக் கழற்றிப் பாருங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகியிருக்க வேண்டும். முதுகிலோ தலைமுடிக்குள்ளோ ஒன்று ஈரமாக இருந்தாலும் இன்னும் பரவும் என்று பொருள்.

எங்களிடம் அன்றே சொல்லிவிடுவதும் முக்கியம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை ஒட்டிக்கொள்ளும். அதாவது நீங்கள் கவனிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குப் போயிருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டில் அம்மா கர்ப்பமாக இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். பெயர் சொல்லாமல் அவர்களை எச்சரிக்க எங்களுக்குத் தெரியும். பொன்னுக்கு வீங்கியும் அப்படித்தான். வீக்கம் தொடங்கி ஐந்து நாளாவது வீட்டில் இருக்கட்டும்.

காலை உணவு

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ கணக்கிட்டுச் சமைக்கிறார்கள், கூடவே காய்கறி சாம்பார். இதில் நடக்கும் தவறு மிகச் சாதாரணமானது. சாப்பாடு முடிந்த பிறகு, ஒன்பது மணி தாண்டி, வெறும் வயிற்றோடு பிள்ளையைக் கொண்டு வந்து விடுவது. "ஸ்கூல்ல சாப்பிட்டுக்குவான்னு நெனச்சேன்." நேரமாகிவிட்டது என்று தெரிந்தால் வீட்டிலேயே ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அதுவும் சரிதான்.

இன்னொன்று, பிள்ளை காதுபட "இன்னைக்கும் உப்புமாவா" என்று முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் சொன்ன வார்த்தை அதே முகச்சுளிப்போடு தட்டுக்கு முன்னால் வந்து உட்காரும். எங்கள் பள்ளியில் சமைப்பவர் நான்காம் வகுப்புப் பையனின் அம்மா. தன் பிள்ளை சாப்பிடும் உப்புமாவைத்தான் உங்கள் பிள்ளைக்கும் வைக்கிறார்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சரிசெய்ய அதிக நாள் பிடிக்கும் தவறு இதுதான்.

யாழினி என்று ஒரு பெண். தமிழில் எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் 'ழ'வுக்கு இசட்-ஹெச், ஆதாரில் வெறும் எல். அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலாக, இன்னோரிடத்தில் முழுதாகப் பின்னால். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு வடிவம். ஒரே பிள்ளை, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். உதவித்தொகை வரவில்லை என்று அந்த அம்மா என்னிடம் வந்து நின்றபோது வருடம் பாதி முடிந்திருந்தது. முதலில் பிறப்புச் சான்றிதழைச் சரியாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் "பரவால்ல, அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் எழுந்திருக்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இல்லாமல் வருபவர்களும் உண்டு. பதிவு செய்து 12 மாதத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான் என்று சட்டமே வந்துவிட்டது. ஆதாரையும் பாருங்கள். கைக்குழந்தையில் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது முடிந்ததும் கைரேகையும் கண்விழியும் பதிய வேண்டும். 7 வயதுக்குள் முடித்துவிடுங்கள்.

பிறந்த தேதியில் விளையாட வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே தோன்றிய ஒரு தேதியைப் போட்டுவிடுவார். என் பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் பள்ளிச் சான்றிதழ்ப்படி நான்கு மாத இடைவெளிதான். ஆச்சி அதைக் கேட்டால் அடிக்க வருவார். இப்போது அப்படி முடியாது. ஆனாலும் "ஒரு வருஷம் முன்னாடி போட்டுடுங்க டீச்சர், சீக்கிரம் வேலைக்குப் போவான்" என்று கேட்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். நாலேகால் வயதில் பென்சிலைப் பிடிக்கும் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? நுனி மூன்று முறை உடையும், நான்காவது முறை அழுகை வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சான்றிதழ் கைக்கு வரவில்லை என்று சேர்க்கையையே தள்ளிப்போடாதீர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வந்து சேருங்கள், காகிதத்தைப் பிறகு ஓடிப் பிடிப்போம்.

ஆண்டு விழா முடிந்த கையோடு

ஆண்டு விழாவில் இரண்டு கம்மல் திருகாணிகளும் ஒரு கொலுசும் கிடைத்தன. திருகாணிகளை வீட்டுக்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள், கொலுசு இன்னும் பீரோவில் இருக்கிறது. தங்கம் போட்டு அனுப்ப வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. நான்கு மணிக்கு மேக்கப் போட்டு, "கலைஞ்சிடும்" என்று எட்டு மணி வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு குட்டி ஆண்டாள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன் நின்றவர்களால் பின்வரிசைத் தாத்தா பாட்டிகள் பார்த்தது முதுகுகளைத்தான். உங்கள் பிள்ளையைப் படம் எடுங்கள், தவறில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு "பால் வெச்சிட்டு வந்தேன்" என்று கிளம்புவதும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததை ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னவர் ஓர் அம்மாதான். தாழ்ப்பாள் வந்தது. அதுவரை மதியம் தண்ணீர் குடிக்காமலேயே இருந்த இரண்டு பெண்கள் இப்போது குடிக்கிறார்கள்.

வீட்டில் நடப்பது

எங்களுக்குக் கடைசியாகத் தெரிய வருவது இதுதான். அப்பா வெளிநாடு போய்விட்டார், பாட்டி இறந்துவிட்டார், அம்மா தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை சொல்லாது, நோட்டில் வரைவதில் தெரியும். ஊர்க்கதை எங்களுக்கு வேண்டாம். "ரெண்டு வாரமா வீடு சரியில்ல டீச்சர்" என்ற ஒரு வரி போதும், அவனை வீட்டுப்பாடத்துக்காக நிறுத்தி வைக்க மாட்டேன். யார் கூட்டிப்போக வருவார்கள் என்பது மாறினாலும் முன்னாலேயே சொல்லுங்கள். "சித்தப்பா" என்று பிள்ளை ஓடிப் போய் ஒட்டிக்கொண்டாலும், உங்களிடம் கேட்காமல் நான் அனுப்ப மாட்டேன். அதற்குச் சித்தப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் வண்டியில் வந்தால் பிள்ளைக்கும் ஹெல்மெட் இருக்கட்டும், 4 வயதுக்கு மேல் அது கட்டாயம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, பிள்ளையின் பெயரில் ரூ.75,000 வைப்புத் தொகை போடும் அரசுத் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது, எங்களிடம் சொன்னால் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், மே மாதம் வேலைக்காக ஊர் மாறுகிறவர்கள். சொல்லாமல் போய்விட்டு ஜூனில் திருப்பூரிலிருந்து போன் செய்வார்கள், "இங்க ஸ்கூல்ல சேர்க்க மாட்டேங்குறாங்க" என்று. மாற்றுச் சான்றிதழ் வரும்வரை காத்திரு என்று எந்தப் பள்ளியும் தொடக்கப் பள்ளிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, அதை அங்கே தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் பிள்ளைகளின் விவரம் பதியும் எமிஸ் என்ற அரசு இணையத்தளத்தில், நாங்கள் பிள்ளையைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பினால்தான் அந்தப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும், இல்லாவிட்டால் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும், பெயர் இங்கே இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நடை வந்து புது போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். கொலுசு உங்களுடையதா என்றும் பார்த்துவிடலாம்.