போன சீசன் கப், இந்த சீசன் அடி: புட்போல் மெனேஜரில் டக்டிக்ஸை மாற்றுவது எப்படி

ஒரு புட்போல் டீமின் மெனேஜராக இருந்து ஆளையும் ஆட்டத்தையும் தீர்மானிக்கிற கம்ப்யூட்டர் கேம்தான் புட்போல் மெனேஜர். அதை விளையாடுகிற எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். போன சீசன் டீம் பறந்தது. அதே டக்டிக்ஸ், அதே பதினொரு பேர், போதாததற்கு இரண்டு நல்ல ப்ளேயர்களையும் வாங்கிப் போட்டாச்சு, ஆனால் அக்டோபர் முடிவதற்குள் டீம் பன்னிரண்டாம் இடத்தில் கிடக்கிறது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நெட்டில் யாரோ போட்ட ‘தோற்கவே தோற்காத’ டக்டிக்ஸை இறக்கி மாட்டுவது. அது நாலு மெச் ஓடும். அப்புறம் பழைய கதை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த கேமில் ஈஸி, ஹார்ட் என்று ஒரு பட்டன் கிடையாது. ஒவ்வொரு மெச்சுக்கும் முன்னால் எதிரணியின் கம்ப்யூட்டர் மெனேஜர் உங்கள் டீமையும் தன் டீமையும் எடை போட்டுப் பார்க்கிறார். யாருக்குப் பெயர் பெரிது, யாருடைய கிரவுண்ட் என்பதை வைத்துத்தான் ஏறி ஆடுவதா, பின்னால் உட்கார்ந்துகொள்வதா என்று முடிவெடுக்கிறார். முதல் சீசனில் உங்களை யாரும் மதிக்கவில்லை, அதனால் எல்லோரும் ஏறி வந்தார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் உங்கள் ஸ்ட்ரைக்கர் ஓடி ஓடி கோல் போட்டார். இப்போது உங்களுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. இனி அந்த இடத்தை எவரும் சும்மா தரமாட்டார்கள்.

நிஜத்திலும் இப்படித்தான். 2015-16இல் லெஸ்டர் சிட்டி 5000க்கு 1 என்ற பந்தய விலையிலிருந்து வந்து ப்ரீமியர் லீக்கையே தூக்கியது. சாதாரண 4-4-2தான், அதாவது நாலு டிபென்டர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டு, பறித்தவுடன் வேகமான ஸ்ட்ரைக்கர் வார்டிக்கு முன்னால் தூக்கிப் போடுவார்கள். அடுத்த சீசனில் நடுக்களத்தில் பந்து பறித்துக் கொடுத்த கன்டே செல்சிக்குப் போய்விட்டார், எதிரணிகளும் வார்டிக்கு ஓட இடம் வைக்காமல் ஆட ஆரம்பித்தார்கள். 2017 பெப்ரவரியில், கப் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், மெனேஜர் ரனியேரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே டக்டிக்ஸ் திரையைத் திறப்பதற்கு முன்னால் உங்களுக்கு வந்திருப்பது எந்தக் கஷ்டம் என்று பாருங்கள். நீங்கள் பெரியவராகிவிட்டதால் எதிரணி பயந்து பின்னால் உட்கார்கிறதா? மேல் டிவிஷனுக்கு ஏறி, இப்போது நீங்கள்தான் சின்ன டீமா? அல்லது புதிய வேர்ஷன் வாங்கி, பழைய வேர்ஷனின் வித்தைகளை அதில் ஓட்டப் பார்க்கிறீர்களா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் ஐந்து, ஆறு கோல் வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். நான் எழுதுவது 2024 வேர்ஷனை வைத்து. 2024 செப்டம்பரில் எபிக் என்ற ஒன்லைன் கேம் ஸ்டோரில் அது இலவசமாகக் கிடைத்ததால் நான் பார்த்த லெப்டொப்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய மெஷினிலும் 2டி வியூவைப் போட்டு, இரண்டு மூன்று லீக்கை மட்டும் லோட் பண்ணினால் ஓடிவிடும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது முதலாவதில்தான், அதனால் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கொட்டகலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் இங்கிலாந்தின் ஆறாம் டிவிஷனில் ஒரு சின்ன கிளப்பை எடுத்து, முதல் சீசன் பிளேஓப் வரை, அதாவது மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான கடைசிச் சுற்று வரை, கொண்டுபோய்த் தோற்றான். அடுத்த சீசனில் அதே டிவிஷனில் அவன் டீம்தான் பேவரிட். ஒருநாள் ராத்திரி ஸ்க்ரீன்ஷொட்டோடு மெசேஜ் வந்தது. “அண்ணே, 26 ஷொட் அடிச்சும் ஒரு கோல்கூட வரல. இது சீட்டிங் இல்லையா?” “டேய் தம்பி, எங்கே நின்னு அடிச்சிருக்கானுங்கன்னு பார்த்தியா?” என்று கேட்டேன். பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. பந்து 71 சதவீதம் அவனிடம், ஷொட் 26, ஆனால் எக்ஸ்ஜி 0.9தான். ஷொட் மெப்பைத் திறந்தால் முக்கால்வாசிப் புள்ளிகள் பெனல்டி பெட்டிக்கு வெளியே. எக்ஸ்ஜி என்பது அந்த ஷொட்டுகள் சராசரியாக எத்தனை கோலாகியிருக்கும் என்ற கணக்கு. 26 அடித்து ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் உங்கள் ஆட்கள் பெட்டிக்குள் போக வழி தெரியாமல் வெளியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்கள் என்று அர்த்தம். அதிர்ஷ்டத்தைத் திட்டி வேலையில்லை.

அவன் டக்டிக்ஸ் இதுதான்: 4-2-3-1, மென்டாலிட்டி (டீம் எவ்வளவு துணிந்து ஆடுவது என்ற அளவு) அட்டாக்கிங், டெம்போ (ஆட்டத்தின் வேகம்) உச்சத்தில். இரண்டு விங்கிலும் உள்ளே வெட்டி வரும் ஆட்கள், நடுவில் பின்னாலிருந்து பெட்டிக்குள் ஓடும் ஷேடோ ஸ்ட்ரைக்கர், அதற்கு மேலே எல்லோருக்கும் முன்னால் நிற்கும் அட்வான்ஸ்ட் போர்வர்ட், ஓரத்து டிபென்டர்களான இரண்டு புல் பெக்கும் அட்டாக் டியூட்டி, அதாவது ஏறிப் போகிற வேலை. எதிரணி 5-4-1இல் பெட்டிக்கு முன்னால் சுவர் கட்டியிருக்கிறது. நாலு பேரும் ஒரே பத்து யார் இடத்துக்குள் போய் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், லீவு நாளில் ஹட்டன் பஸ்ஸில் ஃபுட்போர்டில் நிற்கிற மாதிரி. பந்து வந்தால் திரும்பக்கூட இடமில்லை.

இங்கேதான் எல்லோரும் மென்டாலிட்டியை இன்னும் ஒரு படி ஏற்றுவார்கள். வேண்டாம். மென்டாலிட்டி என்பது வெறுமனே ‘கோல் போடும் ஆசை’ இல்லை. அதை ஏற்றினால் டெம்போ, பாஸின் வேகம், டிபென்ஸ் நிற்கும் இடம், ஆட்கள் எடுக்கும் ரிஸ்க் எல்லாமே சேர்ந்து ஏறும். இடமே இல்லாத இடத்தில் இன்னும் அவசரமாக ஆடினால் பந்து போகும், அங்கேயிருந்து ஒரு நீளப் பந்து, ஒரு கவுன்டர் (பறித்தவுடன் வேகமாக வரும் எதிர்த்தாக்குதல்), 0-1. அந்த 0-1 தான் பலரை கேமை மூடிவிட்டுப் படுக்க வைக்கிறது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். மென்டாலிட்டியை அட்டாக்கிங்குக்கு ஒரு படி கீழே உள்ள பொசிட்டிவ்க்கு இறக்கி, டெம்போவையும் ஒரு படி குறைத்தோம். வலது பக்கம் உள்ளே வருகிறவரை எடுத்துவிட்டு, கோட்டை ஒட்டியே நிற்கும் சாதாரண விங்கரைப் போட்டோம், அதனால் ஐந்து டிபென்டர்களில் ஒருவராவது வெளியே வந்தே ஆகவேண்டும். அவருக்குப் பின்னால் இருக்கும் புல் பெக்குக்கு அதிகம் ஏறாத சப்போர்ட் டியூட்டி, இடது புல் பெக் மட்டும் ஏறிப் போகலாம். ஸ்ட்ரைக்கரைக் கீழே இறங்கி ஆடும் டீப் லையிங் போர்வர்ட் ஆக்கினோம். அவர் பந்து கேட்டுக் கீழே வரும்போது ஒரு சென்டர் பெக் கூடவே வருவார், அந்த ஓட்டைக்குள் இடது பக்கமிருந்து உள்ளே வெட்டி வரும் இன்சைட் போர்வர்ட் நுழைவார். ஷேடோ ஸ்ட்ரைக்கருக்குப் பதிலாகப் பந்தைப் பிடித்துப் பங்கு போடுகிற ஒருவர். அதே எதிரணியோடு சேவ் பைலைத் திரும்பத் திறந்து ஆடியபோது 63ஆவது நிமிடம் வலது விங்கர் கோடு வரை போய்ப் பின்னுக்குத் தள்ளிய பந்தை இடதுகாரர் தூரக் கம்பத்தில் வந்து முடித்தார். திரும்பத் திறந்து ஆடுவது நியாயமா என்று கேட்காதீர்கள், அது பரிசோதனை.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ரோல் பெயர்களை இல்லை. உங்கள் ஆட்களில் ஒருவர் அகலத்தில் நிற்க வேண்டும், ஒருவர் கீழே வந்து ஆளை இழுக்க வேண்டும், ஒருவர் அந்த இடத்துக்குள் ஓட வேண்டும், குறைந்தது ஒருவர் எங்கும் போகாமல் பின்னால் நின்று கவுன்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாலு வேலைக்கும் ஆள் இருந்தால் 4-3-3 ஆனாலும் 3-5-2 ஆனாலும் சரி.

இன்னொன்று, பிரஸ் (பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்கிப் பறிக்கப் போவது) தொடங்கும் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். எதிரணியின் பெட்டி வாசலிலேயே போய் நின்று பிரஸ் பண்ணினால் அவர்கள் வெளியே வரவே மாட்டார்கள். நாம் இரண்டடி பின்னால் வந்தால் அவர்கள் பந்தோடு கொஞ்சம் முன்னே வருவார்கள், பழைய காலி இடம் திரும்பக் கிடைக்கும். பெரிய டீமை வைத்துக்கொண்டு இப்படி ஆடக் கௌரவம் தடுக்கும். தடுக்கட்டும்.

மேலே ஏறிவந்த டீம் என்றால் எல்லாம் தலைகீழ். இப்போது எதிரணிதான் ஏறி வரும், காலி இடம் உங்களுக்குத்தான். மென்டாலிட்டியை இன்னும் கீழே, பெலன்ஸ்ட் அல்லது கோஷியஸ்க்குக் கொண்டுவாருங்கள், டிபென்ஸ் கோட்டைக் கீழே இறக்குங்கள், பந்தைப் பறித்தவுடன் கவுன்டர் என்ற கட்டளையை வைத்திருங்கள், முன்னால் வேகமான ஒருவர் போதும். உங்கள் சென்டர் பெக்குகளின் பேஸ் (ஓடும் வேகம்) 20க்கு ஒன்பது, பத்து என்று இருந்தால் உயர்ந்த டிபென்ஸ் கோடு என்பது தற்கொலை. இந்த நிலையில் ஆள் வாங்கும்போது டெக்னிக்கைப் பார்த்து மயங்காமல் கொன்சன்ட்ரேஷன், பொசிஷனிங், வேர்க் ரேட் மூன்றையும் பாருங்கள். 85ஆவது நிமிடத்துக்கு மேல் வாங்கும் கோல்களில் பாதி அங்கேதான் தடுக்கப்படும் என்பது என் அபிப்பிராயம்.

மழை விஷயம் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஜூன், ஜூலை மழைக்குப் பிறகு ஆடியவர்களுக்குத் தெரியும், குட்டிப் பாஸ் போட்டால் பந்து சேற்றில் நின்றுவிடும். கேமிலும் வானிலையும் தரையின் நிலைமையும் கணக்கில் வருகிறது. கீழ் டிவிஷன் கிரவுண்டுகள் டிசம்பர், ஜனவரியில் மோசமாகிவிடும். மெச்சுக்கு முன்னால் தரை மோசம் என்று காட்டினால் கோல்கீப்பரிடமிருந்து குட்டிக் குட்டியாகக் கட்டி வரும் வேலையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள், கொஞ்சம் நேராக, நீளமாக ஆடுங்கள், உயரமான ஸ்ட்ரைக்கர் இருந்தால் அவரை இறக்குங்கள். ஓகஸ்ட்டில் அழகாக ஓடிய டீம் ஜனவரியில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம், பலர் கவனிப்பதே இல்லை.

களைப்பும் அப்படித்தான். உயர்ந்த பிரஸ், உயர்ந்த டெம்போ என்று கெகன்பிரஸ் (பந்தை இழந்த கணமே திரும்பப் பறிக்க ஓடும் ஆட்டம்) ஆடினால் ஆட்கள் 65ஆவது நிமிடத்தில் செத்துவிடுவார்கள். முதல் சீசனில் வாரம் ஒரு மெச், தாங்கியது. இப்போது கப் போட்டிகளும் சேர்ந்து வாரம் இரண்டு. கண்டிஷன் இதயம் மஞ்சளுக்கு வந்தவர்களைத் திரும்பத் திரும்ப இறக்கினால் டக்டிக்ஸை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோசனம் இல்லை. மூன்று டக்டிக்ஸ் இடங்கள் இருக்கின்றன அல்லவா, ஒன்றில் முழு பிரஸ், இரண்டாவதில் அதே போர்மேஷன் ஆனால் பிரஸ் குறைந்த வடிவம், மூன்றாவதில் முன்னிலையைக் காப்பாற்றும் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்மேஷன் ஒன்றாகவே இருந்தால் டீமுக்குப் பழக்கமாவதும் சுலபம். பழக்கத்தின் அளவைக் காட்டும் பட்டைகள் பாதியில் இருக்கும்போது டக்டிக்ஸைக் குறை சொல்லாதீர்கள், ப்ரீ சீசனில் சின்ன டீம்களோடு மெச் வைத்து அதை ஏற்றுங்கள். மேலே செய்தது போன்ற பரிசோதனை தவிர, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், நாலைந்து மெச் பாருங்கள், அப்புறம் அடுத்தது. ஒரே ராத்திரியில் ஆறு விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாவது கஷ்டம், புதிய வேர்ஷன். இந்த சீரிஸ் பழைய வித்தைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது. 2009 வேர்ஷனில் 3டி வந்தது, 2010இல் டக்டிக்ஸைக் கட்டளைகளால் உருவாக்கும் டக்டிக்ஸ் கிரியேட்டர், 2014இல் அளவுகளை இழுத்து வைக்கும் பழைய ஸ்லைடர்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் கிட்டக் கம்பத்துக்கு கோர்னர் அடித்தே சீசனுக்கு முப்பது கோல் போட்டவர்கள் உண்டு, 2024இல் செட் பீஸ் (கோர்னர், ஃப்ரீ கிக் போன்றவை) முழுவதையும் திருப்பிச் செய்து அதற்கென்று தனி கோச்சும் கொண்டுவந்தார்கள். 2025 வேர்ஷன் வரவே இல்லை, ரத்து. 2025 நவம்பரில் வந்த 26 வேர்ஷனில் பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு போர்மேஷன், இல்லாதபோது இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பழைய 4-2-3-1ஐ அதில் அப்படியே இரண்டு பக்கமும் வைத்துவிட்டு ‘இது முன்னைமாதிரி இல்லை’ என்று சொல்வதில் நியாயமில்லை. பந்து இல்லாத பக்கத்தை முதலில் சாதாரண 4-4-2 ஆக்குங்கள், யார் யாரைப் பிடிப்பது என்பது தெளிவாக இருக்கும். பந்து இருக்கும் பக்கத்தில் மேலே சொன்ன நாலு வேலைக்கும் ஆள் வையுங்கள். ஒருவர் இரண்டு படத்திலும் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள், ஸ்டெமினா 20க்கு 11 உள்ள ஆளை வலது கோடு முழுக்க மேலும் கீழும் ஓடவிட்டால் பாதி மெச்சில் அந்தப் பக்கம் திறந்து கிடக்கும்.

அப்புறம் ஒன்று, டக்டிக்ஸ் சம்பந்தப்பட்டது இல்லை. இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நம்முடையது, பழைய லெப்டொப் பெட்டரியும் பத்து நிமிடம் தாங்காது. பிரிஃபரன்ஸில் போய் ஓட்டோசேவை வாரத்துக்கு ஒரு தடவை என்று வையுங்கள், ஒரே பைலில் மேலே மேலே எழுதாமல் ரோலிங் சேவ் (மாறி மாறி எழுதும் தனித்தனிப் பைல்கள்) மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.