பழைய ரயில் படத்தைத் தண்டவாளத்திலிருந்து படியுங்கள்

அட்டாலியில் கிடந்த ஆல்பத்தில் ஒரு ரயில் படம். பின்பக்கம் பென்சிலில் "போத்தனூர், 1910" என்று எழுதியிருக்கிறது. முன்பக்கம் நிற்பதோ மீட்டர் கேஜ் வண்டி, அதாவது தண்டவாளங்களின் இடைவெளி (கேஜ்) ஒரு மீட்டர். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. போத்தனூருக்கு மீட்டர் கேஜ் வந்ததே 1915-ல், பொள்ளாச்சிப் பாதையோடுதான். ஆண்டு தவறு, அல்லது ஊர் தவறு. பின்னால் எழுதியவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் முப்பது நாற்பது வருஷம் கழித்து, ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பார்.

அதனால் பின்னெழுத்தைக் கடைசியில் பாருங்கள். படத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள்: தண்டவாளம், கப்ளிங் (வண்டிகளை இணைக்கும் கொக்கி), வண்டி மேல் எழுத்து, இஞ்சின் தகடு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இஞ்சின் ஊர் மாறும், பாய்லர் மாறும், பெயின்ட் மாறும். ஒரு ஊரின் கேஜ் அவ்வளவு எளிதில் மாறாது.

முதலில் ஸ்கேன்

படிப்பதற்கு முன் நல்ல ஸ்கேன் வேண்டும். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், தகட்டு எண்ணையோ வேகன் எழுத்தையோ படிக்க வேண்டுமென்றால் 1200. அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் பெரிதாகத் தெரியும். 35 மி.மீ. நெகடிவுக்கு 3200 முதல் 4000 வரை. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில், டிஃப் கோப்பாக, ஒரு நிறத்துக்கு 16 பிட் வைத்து எடுங்கள். கலரில் எடுப்பது வீண் வேலை அல்ல. மஞ்சள் கறை படிந்த படத்தில் சிவப்புச் சேனலை (ஸ்கேனின் சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் தனியே பார்த்தால் கறை பெருமளவு மறையும். 19-ஆம் நூற்றாண்டின் ஆல்புமின் படம் (முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் எடுத்தது) வெளிறிப்போயிருந்தால் நேர் எதிர்: நீலச் சேனலில்தான் மிச்சமிருக்கும் விவரம் தூக்கலாக வரும்.

படத்தின் கருமையான இடங்களில் பாதரசம் பூசியதுபோல நீலப் பளபளப்பு இருந்தால் ஸ்கேனர் அதை வெள்ளையாகக் காட்டிவிடும். அப்படிப்பட்ட படத்தைச் சுவரோடு சேர்த்துத் தட்டையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவில் எடுப்பதே நல்லது. ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். ஜெலட்டின் கண்ணாடியோடு போய்விடும், அப்புறம் மீட்க வழியில்லை. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

எஸ்டேட் குடும்பங்களிடமிருந்து வரும் பெட்டிகளில் கோடக்குரோம் (கோடக் கம்பெனியின் கலர் ஃபிலிம்) ஸ்லைடு இருக்கும். ஸ்கேனரில் உள்ள தானே தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அதற்குப் போடாதீர்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் கூடாது. படத்தின் வெள்ளியையும் சாயத்தையும் தூசி என்று நினைத்து அழித்து, விளிம்புகளைக் குதறிவிடும். காற்று ஊதும் பல்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

கண்ணாடி நெகடிவை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மங்கலான பக்கம்தான் மருந்துப் பக்கம், படம் பதிந்த பக்கம். அது உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும்படி வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து நேராகத் தெரியும். எழுத்தே இல்லாத படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? கைகாட்டி மரத்தைப் பாருங்கள். ஓட்டுநர் பார்க்கும் முகத்தில் கை கம்பத்தின் இடப்பக்கம் நீட்டியிருக்கும், இங்கும் இங்கிலாந்திலும். முதுகுப் பக்கமிருந்து எடுத்த படமென்றால் வலப்பக்கம். எது முகம் என்று கையிலுள்ள பட்டை சொல்லும்: முகத்தில் சிவப்பின் மேல் வெள்ளைப் பட்டை, முதுகில் வெள்ளையின் மேல் கறுப்புப் பட்டை.

கேஜை அளப்பது

பாதையை நேர் எதிரே நின்று எடுத்த படமானால் ஸ்கேல் போதும். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைதான் சிலீப்பர்; ஒரே சிலீப்பர் கட்டையின் மேல் இரண்டு அளவு எடுங்கள்: கட்டையின் முழு நீளம், தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளி. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., கட்டை ஏறக்குறைய 2.74 மீட்டர், விடை 1.63 வரும். மீட்டர் கேஜில் கட்டை 1.83 மீட்டர், விடை 1.83. இங்கிலாந்துப் பாதை 1435 மி.மீ., கட்டை 2.59 மீட்டர், விடை 1.80. கடைசி இரண்டும் ஒட்டியிருப்பதால் அவற்றை இதை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குக் கப்ளிங்கைப் பார்க்க வேண்டும். வேறு வேறு கட்டைகளில் அளந்தால் தூரத்தால் அளவு சுருங்கி விடை தப்பும். இரும்புப் பானை சிலீப்பர் போட்ட பாதையில் இந்த வழியே செல்லாது. பானை ஜல்லிக்குள் புதைந்திருக்கும், நுனி தெரியாது.

கப்ளிங் இன்னும் சுலபம். நடுவில் ஒரே பஃபர் (வண்டிகள் முட்டும்போது அதிர்ச்சி தாங்குவது), அதிலேயே கொக்கி என்றால் மீட்டர் கேஜ். இரண்டு பக்கமும் உருண்டை பஃபர், நடுவில் சங்கிலி அல்லது திருகு என்றால் பிராட் கேஜ் அல்லது இங்கிலாந்து. அந்த இரண்டையும் பிரிக்கச் சுற்றிலும் பாருங்கள். முன்னால் மாடு தள்ளும் கூண்டு, புகைபோக்கியருகே பெரிய ஹெட்லைட், ஜன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு, மரச் சட்டக் கதவுகள் எல்லாம் இந்தியா. இங்கிலாந்து இஞ்சினில் ஹெட்லைட் இருக்காது; சின்னச் சின்ன எண்ணெய் விளக்குகள் இருக்கும். அவை வெளிச்சத்துக்கு அல்ல, என்ன வண்டி என்று சிக்னல்காரருக்குச் சொல்ல. இரண்டு பஃபருக்கும் மேல் ஒவ்வொன்று என்றால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கியின் அடியில் ஒன்று மட்டும் என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர்.

மேட்டுப்பாளையம் படத்தில் இரண்டு கேஜும் சேர்ந்தே வரும். பிராட் கேஜ் அங்கே 1873-ல் வந்தது, மீட்டர் கேஜ் மலைப்பாதை 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் (இஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல் வைத்த சட்டம்) இருந்தால் அது கல்லாறு–குன்னூர் பகுதி. அந்தப் பகுதியில் இஞ்சின் எப்போதும் பள்ளப் பக்கம்தான் இருக்கும்: ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். எனவே பெட்டிகள் முன்னே, இஞ்சின் பின்னே என்றால் அது குன்னூருக்கு ஏறும் வண்டி.

எழுத்துகள்

நம் பக்கத்து ரயில் கம்பெனிகளின் வரிசை இது. ஜோலார்பேட்டை–ஈரோடு–போத்தனூர் பாதை 1907 முடியும் வரை மெட்ராஸ் ரயில்வே. 1908-லிருந்து தென்னிந்திய ரயில்வே, அதாவது எஸ்.ஐ.ஆர். 1951 ஏப்ரல் 14 முதல் தெற்கு ரயில்வே, எஸ்.ஆர். இஞ்சினிலோ பயணிகள் பெட்டியிலோ எஸ்.ஐ.ஆர். என்று இருந்து, இடம் ஈரோடு என்றும் உறுதியானால், படம் 1908-க்கு முந்தையதல்ல. மேல் எல்லையை, அதாவது படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பதை, அப்படிக் கறாராக வைக்க முடியாது. புது எழுத்து அடுத்த பெரிய பழுதுபார்ப்பின்போதுதான் எழுதப்படும் என்பதால், 1951-க்குப் பிறகும் சில காலம் பழைய எழுத்தோடு வண்டிகள் ஓடும்.

வேகனை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள். பம்பாய் கம்பெனியின் பிராட் கேஜ் சரக்கு வேகன் ஈரோடு யார்டில் நிற்பது சாதாரணம். சரக்கு போகும் இடமெல்லாம் வேகனும் போகும். இஞ்சின் அப்படி அலையாது. வேகனில் நமக்குப் பயன்படுவது மூலையில் சின்னதாக எழுதிய பி.ஓ.எச். தேதி, அதாவது கடைசியாகப் பட்டறையில் முழுதாகப் பிரித்துப் பார்த்த தேதி. படம் அதற்குப் பிந்தையது என்பது நிச்சயம். 1200-ல் ஸ்கேன் செய்யச் சொன்னது பெரும்பாலும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

அதிகம் பேர் விழும் குழி "எஸ்.ஆர்." இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 முடியும் வரை ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது, அதன் வேகனிலும் அதே இரண்டு எழுத்து. ஆங்கிலேயக் குடும்பத்து ஆல்பத்தில் இரண்டு நாட்டுப் படமும் கலந்து ஒட்டியிருக்கும்போது இது நிச்சயம் குழப்பும். இந்தி எழுத்தும் சேர்ந்திருந்தால் நம்முடையது. இல்லையென்றால் மேலே சொன்னபடி கேஜுக்குப் போங்கள்.

இங்கிலாந்துப் படங்களுக்கு இரண்டு கோடு மனதில் இருந்தால் போதும். 1923 ஜனவரி 1-ல் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சேர்ந்தன: எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., ஜி.டபிள்யூ.ஆர்., எஸ்.ஆர். 1948 ஜனவரி 1-ல் நான்கும் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆயின. வேகன் பக்கம் முழுக்கப் பெரிய கம்பெனி எழுத்து என்றால் 1936-க்கு முந்தைய பெயின்ட். அதன்பின் எழுத்தைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். நிலக்கரி வேகனில் நிலக்கரிக் கம்பெனி, வியாபாரி பெயர் பெரிதாக இருந்தால் அது தனியார் வேகன். அவை 1948-ல் அரசுக்குப் போய், எண்ணுக்கு முன் 'பி' சேர்ந்தது. வேகன் பக்கத்தில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம்: கோடு மேலேறி முடியும் முனையில் திறக்கும் கதவு இருக்கிறது என்று ஆட்களுக்குக் காட்டும் குறி.

இஞ்சின் தகடு

தகட்டில் கம்பெனி, பட்டறை எண், ஆண்டு இருக்கும். அது இஞ்சின் கட்டிய ஆண்டு, படம் எடுத்த ஆண்டல்ல. முப்பது நாற்பது வருஷம் ஓடிய இஞ்சின்கள் ஏராளம். டெண்டரில் (இஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டியில்) உள்ள தகட்டை இஞ்சினுடையதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெண்டர்கள் மாறிக்கொண்டே இருக்கும். நார்த் பிரிட்டிஷ் என்ற பெயர் இருந்தால் 1903-க்குப் பின். டூப்ஸ், நீல்சன் ரீடு, ஷார்ப் ஸ்டூவர்ட் மூன்றும் சேர்ந்து அந்த ஆண்டில்தான் அந்தக் கம்பெனி உருவானது. எழுத்து தெரியாமல் வைர வடிவத் தகடு மட்டும் தெரிந்தால் டூப்ஸ், அல்லது அதே பட்டறையில் பின்னாளில் நார்த் பிரிட்டிஷ் கட்டியது என்று தொடங்கலாம்.

ஊட்டி இஞ்சின் என்றாலே பிரிட்டிஷ் என்று குறிப்பு எழுதுவது பரவலான தவறு. ஆரம்பகால இஞ்சின்கள் மான்செஸ்டரின் பேயர் பீக்காக் செய்தவை. ஆனால் நாம் அதிகம் பார்க்கும் எக்ஸ் வகை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டியது: 1914 முதல் 1925 வரை பன்னிரண்டு, 1952-ல் ஐந்து. பக்கவாட்டில் சிலிண்டர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தால் அது எக்ஸ். கீழ்ச் சிலிண்டர் சக்கரத்துக்கு, மேல் சிலிண்டர் பல்சக்கரத்துக்கு. பிராட் கேஜில் மூக்கு கூம்பாக நீண்டிருந்தால் டபிள்யூ.பி. வகை இஞ்சின்; படம் 1947-க்குப் பின்.

பின்னணி அழிக்கப்பட்டு, இஞ்சின் மட்டும் சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடுகளோடு பளிச்சென்று நின்றால் அது கம்பெனி எடுத்த பட்டறைப் படம். விவரம் தெளிவாக விழ அப்படியே சாம்பல் பூசி எடுப்பார்கள். ஓடிய நிறம் அதுவல்ல. மற்ற படங்களிலும் நிறத்தை ஊகிக்க வேண்டாம். பழைய கண்ணாடித் தட்டுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்பு பஃபர் சட்டம் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். மாடல் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் சிவப்புக்குப் பதில் கறுப்பு அடித்துவிடுகிறார்கள்.

குறிப்பு எழுதுவது

படத்தில் உள்ளவற்றிலேயே மிகப் புதிய பொருள் எதுவோ, அதுதான் கீழ் எல்லை. 1873 பாதை, 1905 தகடு, 1951 எழுத்து மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் படம் 1951-க்குப் பின்தான். ஒற்றை ஆண்டு எழுதாமல் இடைவெளியாக எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து: "போத்தனூர், 1951–1958; எஸ்.ஆர். எழுத்து, மைல் கல்". நீளத்துக்கும் எடைக்கும் மெட்ரிக் முறை 1950-களின் பிற்பகுதியில் வரத் தொடங்கியதால், மைல் கல்லும், ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் அடிக் கணக்கில் எழுதிய கடல்மட்ட உயரமும் மேல் எல்லையை ஓரளவுக்குத் தரும். பின்னெழுத்தைத் திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்து, உங்கள் முடிவைத் தனியே வையுங்கள். கோப்புப் பெயரில் ஊர், இடைவெளி, வரிசை எண், முன் அல்லது பின்: "போத்தனூர்_1951-1958_007_பின்".

படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் 2பி பென்சில், விளிம்பில், அழுத்தாமல். பால்பாயின்ட் முன்பக்கம் மேடு தட்டும். பி.வி.சி. உறையும் பசை ஆல்பமும் வேண்டாம். பாலியெஸ்டர் அல்லது அமிலமில்லாத காகித உறை போதும். வினிகர் வாடை வரும் ஃபிலிமை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் ஆடி மாதச் சாரலில் இரும்பு பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒரு முறை நிறம் பார்த்து மாற்றுங்கள், பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கண்ணாடி நெகடிவ்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். அடியில் உள்ளது எடை தாங்காமல் விரிசல் விடும். நீளப் பக்கம் கீழே வரும்படி நிற்கவைத்து, இடையிடையே அட்டை சொருகுங்கள்.