பழைய கார் கண்காட்சிக்கு முதல் முறை போகிறீர்களா? வார இறுதியை இப்படித் திட்டமிடுங்கள்

பழைய கார் கண்காட்சிக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பதினோரு மணி வாக்கில்தான் போய்ச் சேருவார்கள். வரிசையாக நிற்கும் கார்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால், பாதிக் கண்காட்சி அவர்கள் கண்ணிலேயே படவில்லை. கார் ஓடுவதற்காகச் செய்த பொருள். காலையில் அவை ஒவ்வொன்றாக மைதானத்துக்குள் வரும் நேரத்தையும், கடைசி நாள் மாலை எல்லாம் கிளம்பும் நேரத்தையும் தவறவிடக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் கிட்டப் போய்ப் பார்க்கலாம், உரிமையாளர்களிடம் பேசலாம். இதை வைத்துத்தான் இரண்டு நாளையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. எந்த மாதிரி நிகழ்ச்சி என்று விசாரியுங்கள்

எல்லாவற்றையும் கண்காட்சி என்றே சொன்னாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. கான்கூர் என்றால் காரின் அழகையும் நிலையையும் மதிப்பிடும் போட்டி. இத்தாலியின் வில்லா தெஸ்தேயில் 1929-லும், கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950-லும் தொடங்கியவை இந்த வகை. நடுவர்கள் திருகாணி வரை குனிந்து பார்ப்பார்கள். நாம் சற்றுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். பெபிள் பீச்சில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. போட்டிக்கு முன்பு கார்களைச் சாலையில் ஓட்டிக்காட்டும் சுற்று ஒன்று நடக்கும். ஒரு பிரிவில் இரண்டு கார்கள் சமமாக வந்துவிட்டால், அந்தச் சுற்றை ஓட்டி முடித்த காருக்குத்தான் முன்னுரிமை.

லண்டன் முதல் பிரைட்டன் வரை ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டம் வேறு வகை. 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே அதில் இடம். சாலையோரம் நின்றாலே எல்லாம் கண்ணில் படும். இங்கிலாந்தின் பியூலியில் 1967-ல் தொடங்கியது போன்ற உதிரிபாகச் சந்தைகளும் இருக்கின்றன. அங்கே முழுக் காரைவிடக் கழற்றிப் போட்ட கார்தான் அதிகம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கிளப் சந்திப்பு, அதாவது பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் கூடும் நிகழ்ச்சி. கயிறு கட்டியிருக்க மாட்டார்கள், உரிமையாளர் காருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 'ரொம்பப் பழசாக இருக்குமோ, நமக்குப் புரியுமோ' என்று தயங்க வேண்டாம். பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் கணக்குப்படி, குறைந்தது 30 வயது ஆகி, பழைய நிலை மாறாமல் பராமரிக்கப்பட்டு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனம் வரலாற்று வாகனம்தான். நீங்கள் சின்ன வயதில் பார்த்த கார்களே அங்கே நிற்கலாம்.

2. கூட்டாளிகளைச் சேருங்கள், ஆனால் ஒட்டிக்கொண்டே திரியாதீர்கள்

மூன்று நான்கு பேர் போதும். ஒருவருக்கு எஞ்சின் பைத்தியம், இன்னொருவருக்கு டேஷ்போர்டு, மற்றொருவருக்குக் கேமரா என்று ஆளுக்கொரு ருசி இருந்தால் நல்லது. கூட்டமாகப் போனால் எல்லோரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முன்னால்தான் நிற்பீர்கள். பிரிந்து சுற்றுங்கள், மதியம் ஓரிடத்தில் கூடி அவரவர் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் யாராவது பழைய காரிலேயே வருகிறார் என்றால், முந்தைய வாரமே அதைப் பாருங்கள். பழைய கார் ஓடாமல் நின்றே டயர் கிழடாகும். டயர் பட்டன் தேயாமல் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பெல்ட், ஃபியூஸ், சிபி பாயின்ட் (எஞ்சினில் தீப்பொறிக்கு நேரம் பிடிக்கும் சிறு பாகம்), தீயணைப்பான், காற்றுள்ள ஸ்டெப்னி. இவை டிக்கியில் இருக்கட்டும். எஞ்சினுக்கு அடியில் வைக்க ஒரு தட்டும் வேண்டும், எண்ணெய் சொட்டும்.

3. முதல் நாள் காலை: வாசலில் நில்லுங்கள்

கதவு திறக்கும்போதே போய், கார்கள் உள்ளே நுழையும் பாதை ஓரமாக இடம் பிடியுங்கள். இங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வருவதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தண்ணீர் ரேடியேட்டர் இல்லாமல், பின்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றிலேயே குளிரும் எஞ்சினுக்கு அப்படி ஒரு படபடப்பு. 1955-ல் அறிமுகமான சிட்ரோயன் டிஎஸ் வந்திருந்தால், அது கிளம்பும் சமயத்தில் பக்கத்தில் இருங்கள். இரவெல்லாம் தரையோடு படிந்து கிடந்த கார், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தத்தில் மெல்ல எழுந்து நிற்கும். படுத்திருந்த ஒட்டகம் எழுவது மாதிரிதான் இருக்கும்.

ஃபோர்டு மாடல் டி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி தயாரான கார் அது. எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்ப முன்னால் தொங்கும் கிராங்க் கைப்பிடியை உரிமையாளர் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்க மாட்டார், மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொள்வார். கைப்பிடியைக் கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுப்பார். எஞ்சின் நேரம் தவறிப் பற்றிக்கொண்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று அடிக்கும், சுற்றிப் பிடித்த கட்டைவிரல் உடையும். 1912 கேடிலாக்கில் மின்சார செல்ஃப் வந்ததும் ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது என்பது இதைப் பார்த்தால் சொல்லாமலே விளங்கும். அப்புறம் உள்ளே எட்டிப் பாருங்கள். மூன்று பெடல் இருக்கும், ஆனால் ஆக்ஸிலரேட்டர் அதில் இல்லை. இடது பெடல் கியருக்கு, நடுப் பெடல் பின்னால் போக, வலது பெடல் பிரேக். வேகம் கூட்டுவது ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு கம்பி.

4. நடுப்பகல்: ஐந்து கார் போதும்

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஐந்து கார்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் சுற்றி வாருங்கள்.

முதலில் காரின் மூலையில் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டு நெடுகப் பாருங்கள். எதிரே இருக்கும் கம்பம், கூடாரம் எல்லாம் பெயின்ட்டில் நேர்கோடாகத் தெரிந்தால் தகடு நன்றாக இருக்கிறது. அலையலையாக நெளிந்தால் அடியில் பட்டி போட்டிருக்கலாம். அடுத்து கதவு, பானட் இடுக்குகள் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவா? பிறகு பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் குறைவான தூரம் காட்டி, பெடல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் ஏதோ கதை இருக்கிறது. இதை உரிமையாளரிடம் சொல்லிக்காட்ட வேண்டாம், உங்கள் கண்ணுக்கான பயிற்சி, அவ்வளவுதான். பளபளவென்று புதுப்பித்த காரைவிட, முதல் பெயின்ட் வெளிறி, இருக்கைத் தோல் வெடித்து நிற்கும் கார் எனக்கு ஒரு படி மேல். மறுபடி பெயின்ட் அடிக்கலாம், முதல் பெயின்ட்டை இனி யாரும் அடிக்க முடியாது.

'ஏன் இப்படிச் செய்தார்கள்' என்று ஒவ்வொரு காரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்லின் கதவு மேல்நோக்கித் திறப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதன் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாகப் போவதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வெறும் மூன்று மீட்டர் சொச்ச நீளம்தான், ஆனாலும் நான்கு பேர் உட்காரலாம். எஞ்சினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்து, பத்து அங்குலச் சக்கரம் போட்டதில் கிடைத்த இடம் அது.

5. உரிமையாளரிடம் பேசும் முறை

'என்ன விலை?' என்று ஆரம்பிக்காதீர்கள். நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். 'எந்தப் பாகம் கிடைக்க ரொம்ப நாள் ஆயிற்று?' என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலியிலிருந்து எழுந்து பானட்டைத் திறந்துவிடுவார். கேட்காமல் தொடக் கூடாது என்பது தெரிந்ததே. பலர் மறப்பது தோள்பையையும் பெல்ட் கொக்கியையும்தான், குனியும்போது பெயின்ட்டில் கோடு விழும். உட்காரச் சொன்னால் மட்டும் உட்காருங்கள். இறங்கிய பின் கதவை அவரே சாத்தட்டும்.

6. இரண்டாம் நாள்

உதிரிபாகச் சந்தை இருந்தால் விடிந்ததும் அங்கே. நல்ல சாமான் சீக்கிரம் போய்விடும். தேடும் பாகத்தின் எண்ணும் அளவும் கைபேசியில் இருக்கட்டும்.

மாலையில் மறுபடி பாதையோரம் வந்துவிடுங்கள். வெளியேறும் வரிசை நகராமல் நின்றால் சில கார்கள் சூடேறும். பழைய கார்களில் விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுழற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். சூட்டில் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் நின்றுவிடும். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உரிமையாளர் சும்மா நிற்பார். ஆறினால் தானாகக் கிளம்பும், சுற்றி நின்று யோசனை சொல்லத் தேவையில்லை. தள்ளக் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

திரும்பும் வழியில் அந்தக் கார்கள் உங்கள் பக்கத்தில் ஓடும். அவற்றுக்கு முன்னால் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறதே என்று உள்ளே நுழையாதீர்கள். டிரம் பிரேக்கை நம்பி ஓட்டுகிறவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. இண்டிகேட்டர் எரியவில்லையே என்றும் நினைக்க வேண்டாம். 1950-களின் சில கார்களில் கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டால் அதுதான் திரும்பப்போகும் சைகை.