கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எப்படி? அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தொடக்கப் பயிற்சி

"தினமும் வாக்கிங் போகிறேனே, அது போதாதா?" என்று பெரியவர்கள் பலர் கேட்கிறார்கள். நடை நல்லது, அதை விடவே வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது. சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்பக்கத் தசைக்கும் புட்டத் தசைக்கும் பெரிய வேலை இருப்பதில்லை. பஸ் படியில் ஏறுவது, தாழ்வான சோபாவிலிருந்து எழுவது, கால் தடுக்கினால் சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிப்பது எல்லாம் அந்தத் தசைகளின் பலத்தால்தான் நடக்கிறது. நடுவயதிலிருந்தே பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடும். தசை கரைவதைவிடப் பலம் குறைவது இன்னும் வேகம்.

போன பலத்தைத் திரும்பப் பெற முடியும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த சிலருக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வயது 86 முதல் 96 வரை. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. கைத்தடியோடு நடந்த இரண்டு பேர் தடி இல்லாமல் நடந்தார்கள். அதனால் "இந்த வயசுல இனிமே என்ன" என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தொடங்கும் முன்

நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், அடிக்கடி தலைசுற்றல், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை அல்லது எலும்பு முறிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். கையெட்டும் இடத்தில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

படி 1: நாற்காலி

கைப்பிடி உள்ள, கனமான மர நாற்காலி இருந்தால் நல்லது. உட்காரும் பகுதி தரையிலிருந்து 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. அளவுக்கு இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடும், அது வேண்டவே வேண்டாம். எந்த நாற்காலியானாலும் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டிப் போடுங்கள். வெறுங்காலோடு செய்யலாம், அல்லது பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளலாம். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டோ, தேய்ந்துபோன ரப்பர் செருப்போடோ செய்யாதீர்கள். வேட்டியை மடித்துக் கட்டுங்கள். புடவைக் கொசுவம் காலில் மாட்டாதபடி சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள்.

படி 2: இன்றைய நிலையைப் பாருங்கள்

இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நேரம் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அவசரப்பட வேண்டாம்.

65 முதல் 69 வயது வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. இந்த எண்ணிக்கைக்குக் கீழே வந்தால் கால் பலம் அந்த வயதின் சராசரியைவிடக் குறைவு, விழும் ஆபத்து அதிகம் என்று கொள்ள வேண்டும். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். பரவாயில்லை, பயிற்சி உங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. கிடைத்த எண்ணைத் தேதிக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

படி 3: எழுவதும் உட்காருவதும்

இந்தப் பயிற்சியில் இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே எழப் பார்ப்பதுதான் பலருக்கும் எழ வராததற்குக் காரணம். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு விரித்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். இனி இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வர வேண்டும். முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். உடல் எடை பாதத்துக்கு மேலே வந்தால்தான் கால் அதைத் தூக்க முடியும். எதிரே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும்.

பாதத்தால் தரையை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியேறும். முழுதாக நிமிர்ந்து ஒரு நொடி நில்லுங்கள். இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உட்காருவது. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும். புட்டத்தைப் பின்னால் தள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். இறங்கும்போதும் தொடைத் தசை நன்றாக வேலை செய்கிறது. படி இறங்கும்போது தடுமாறாமல் இருக்க உதவுவதும் இதே பலம்தான்.

எழவே முடியவில்லையா? ஜமுக்காளத்தை மடித்து உட்காரும் இடத்தில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அல்லது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொடங்கி, சில வாரத்தில் ஒரு கைக்கு வந்து, பிறகு விரல் நுனி மட்டும் படும்படி செய்து, கடைசியில் கையை எடுத்துவிடுங்கள்.

முதலில் 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். எளிதாகிவிட்டால் ஒவ்வொரு தடவையும் 5 முறைக்குப் பதில் 10 முறை செய்யுங்கள். மறுநாள் தொடையில் ஒரு வலி இருந்தால் அது தசை வேலை செய்ததன் அடையாளம், ஓரிரு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் "முட்டிக்கு ஓய்வு கொடுக்கணும்" என்று ஒதுங்கிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். தொடைத் தசை பலமானால் முட்டிவலி குறையும். உயரமான இருக்கையில் தொடங்குங்கள். அதுவும் வலித்தால், உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணும் வரை வைத்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை.

படி 4: தடுமாறாமல் நிற்பது

சமையல் மேடையை விரல்களால் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. பிறகு பாதங்களை ஒட்டி வைத்து 10 வினாடி நிற்பது. அடுத்து ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் வைத்து 10 வினாடி. அதன்பின் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து 10 வினாடி. கடைசியாக ஒற்றைக் காலில். நேர்க்கோட்டில் பிடிக்காமல் 10 வினாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் வாய்ப்பு அதிகம், அவர்கள் இந்தப் பகுதியை விடாமல் செய்ய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும், 2 நாளாவது தசைப் பயிற்சியும், 150 நிமிட நடை போன்ற உழைப்பும் சொல்கிறது.

படி 5: நடை

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. தினமும் பத்தாயிரம் காலடி என்ற கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரோடு பரவிய எண் அது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு 6000 முதல் 8000 காலடியிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது. தொடங்குபவர்கள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நடந்தால் போதும். தெருவில் குழியும் நாய்களும் இருந்தால் மொட்டை மாடியே மேல். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

படி 6: தட்டில் என்ன இருக்கிறது?

தசை வளரப் புரதம் வேண்டும். நம் வீடுகளில் வயதானவர்களின் இரவுச் சாப்பாடு இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் கஞ்சி, இல்லையென்றால் ரசம் சாதம். வயிற்றுக்கு இதமானதுதான், ஆனால் புரதம் மிகக் குறைவு. முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் போலக் கிடைக்கும். மீன் சாப்பிடுபவர்களுக்கு 100 கிராமில் 20 கிராம் வரை வந்துவிடும். பல் இல்லாதவர்களுக்குப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்" என்று சொல்வது பாசம்தான். நாள் முழுக்க அதையே சொன்னால் அப்பாவின் காலுக்கு வேலையே இருக்காது. தண்ணீரை அவரே எழுந்து போய் எடுக்கட்டும், பூஜைக்கு அவரே பூப் பறிக்கட்டும். அம்மா இன்னும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுகிறார் என்றால் அந்தப் பழக்கத்தை மாற்றாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: குளியலறையில் சுவரோடு பதித்த கைப்பிடி, வழுக்காத மிதியடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது, உடல் எடையை அது தாங்காது.

நான்கு வாரம் கழித்து அந்த 30 வினாடிச் சோதனையை அதே நாற்காலியில் மறுபடி செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கூடியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து பழகலாம். கூடவே இல்லை என்றால், அல்லது இடையில் ஒருமுறையாவது விழுந்திருந்தால், அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) பாருங்கள். வெளியே வர முடியாத நிலையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.