வெள்ளையின ஆசிரியைகள், கறுப்பினப் பையன்கள்: அமெரிக்க வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வெள்ளையினத்தவர். நான்கில் மூன்று பேர் பெண்கள். கறுப்பின ஆண் ஆசிரியர்கள் மிக மிகக் குறைவு. ஆகவே ஒரு கறுப்பினப் பையன் மழலையர் வகுப்பில் நுழைந்ததிலிருந்து பள்ளியை முடிக்கும் வரை, அவனுக்கு மார்க் போடுகிறவரும் அவனைக் கண்டிக்கிறவரும் அவன் வீட்டுக்குப் போன் செய்கிறவரும் பெரும்பாலும் ஒரு வெள்ளையினப் பெண்தான். இது தானாக அமைந்த நிலை அல்ல. 1954ல் நிறப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் தென் மாநிலங்கள் கறுப்பினப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை மட்டும் வெள்ளையினப் பள்ளிகளில் சேர்த்தன. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

2017-18 கல்வியாண்டில் கூட்டாட்சிக் கல்வித் துறை திரட்டிய கணக்கில், மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 சதவீதம். பள்ளிக்கு வரக்கூடாது என்று சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 38 சதவீதம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிலும் இதே கதைதான்: சேர்க்கையில் 18 சதவீதம், சஸ்பெண்டில் 43 சதவீதம். நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு என்ன குற்றம் இருக்க முடியும்?

இந்த ஆசிரியைகளில் பெரும்பாலோர் பிள்ளைகள் மீது அக்கறையோடுதான் வேலைக்கு வந்தவர்கள். அக்கறை இருக்கிறதே, போதாதா என்று நினைத்து நின்றுவிடுவதில்தான் சிக்கல். தவறு நடப்பது சில நொடிகளில்: யாரைப் பார்க்கிறோம், பார்த்ததற்கு என்ன பெயர் வைக்கிறோம், மாணவனைத் தலைமையாசிரியர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது கொடுக்கும் புகார்ச் சீட்டில் என்ன எழுதுகிறோம். மாற்ற வேண்டியது அந்த நொடிகளில் செய்கிற வேலையை.

கண் எங்கே போகிறது

2016ல் யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழுவினர் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். அதில் கறுப்பினப் பையன், கறுப்பினச் சிறுமி, வெள்ளையினப் பையன், வெள்ளையினச் சிறுமி என நான்கு குழந்தைகள். குறும்பு தொடங்கும் முன்பே கண்டுபிடியுங்கள் என்று சொல்லப்பட்டது. வீடியோவில் குறும்பே கிடையாது. ஆனாலும் ஆசிரியர்களின் கண் அதிக நேரம் நின்றது கறுப்பினப் பையன் மீது. கறுப்பின ஆசிரியர்களின் கண்ணும் அப்படித்தான் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவன் செய்வது மட்டும்தான் அகப்படும். பக்கத்தில் இருப்பவன் செய்த அதே காரியம் தப்பிவிடும். இதை மன உறுதியால் சரிசெய்ய முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். சக ஆசிரியை ஒருவரை 20 நிமிடம் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். இருக்கை வரைபடத்தில் நீங்கள் யாரைக் கண்டித்தீர்கள், யாரைப் பாராட்டினீர்கள், யாரிடம் கேள்வி கேட்டீர்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் குரலைப் போனில் பதிவுசெய்து, எந்தப் பெயர் எத்தனை முறை, எந்தத் தொனியில் வருகிறது என்று கேளுங்கள்.

கண்ணோடு சேர்ந்து பிசகுவது வயது. 2014ல் வெளியான பிலிப் காஃப் குழுவினரின் ஆய்வில், குற்றச் சந்தேகத்துக்கு உள்ளானதாகக் காட்டப்பட்ட கறுப்பினச் சிறுவர்களுக்கு, பங்கேற்றவர்கள் உள்ள வயதைவிட சராசரியாக நான்கரை வயது கூட்டி மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டாமிர் ரைஸைப் போலீஸ் சுட்டது. சுட்டபின் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன வயது சுமார் 20. வகுப்பில் இதே பிழை, “இவ்வளவு பெரிய பையன், தெரிஞ்சேதான் செய்றான்” என்ற நினைப்பாக வரும். கண்டிக்க வாய் திறக்கும் முன் அவனுடைய உண்மையான வயதை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: ஒன்பது வயது. பிறகு பேசுங்கள்.

பார்த்ததற்கு என்ன பெயர்

எல்லாவற்றிலும் பெரிய சேதம் இங்கேதான். 2002ல் ரஸ்ஸல் ஸ்கீபா குழுவினர் ஒரு நகரப் பள்ளி மாவட்டத்தின் புகார்ச் சீட்டுகளை ஆராய்ந்தார்கள். வெள்ளையின மாணவர்கள் அனுப்பப்பட்ட காரணங்கள்: புகை பிடித்தது, பொருளை உடைத்தது, அனுமதியில்லாமல் வெளியே போனது, கெட்ட வார்த்தை. கறுப்பின மாணவர்கள் அனுப்பப்பட்ட காரணங்கள்: மரியாதைக் குறைவு, அதிக சத்தம், மிரட்டல், சுற்றித் திரிந்தது. முதல் வகையை யார் பார்த்தாலும் ஒன்றுதான் சொல்வார்கள். இரண்டாவது வகை பார்க்கிறவரின் தீர்ப்பு. மரியாதைக்கு அளவுகோல் எது?

கலிபோர்னியா மாநிலம் இதை உணர்ந்து, “வேண்டுமென்றே கீழ்ப்படியாமை” என்ற ஒரே காரணத்துக்காகச் சஸ்பெண்ட் செய்வதைப் படிப்படியாகத் தடைசெய்தது. முதலில் சிறு வகுப்புகளில், 2020லிருந்து எட்டாம் வகுப்பு வரை, 2024லிருந்து உயர்நிலைப் பள்ளியிலும்.

ஒரு சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். “மார்கஸ் மீண்டும் அடங்காமல், ஆசிரியையை அவமதித்து, வகுப்பைக் கெடுத்தான்.” இதில் நடந்தது என்ன என்று ஒரு வார்த்தையும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: “10.40. எல்லோரும் தனியாகப் படிக்கும் நேரம். மார்கஸ் தொப்பிச் சட்டையின் தொப்பியைப் போட்டு மேசையில் தலை சாய்த்திருந்தான். வகுப்பின் முன்னாலிருந்து இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை ‘என்னை விடுங்க’ என்றான். பக்கத்தில் இருவர் சிரித்தார்கள்.” இப்படி எழுதியதும் பாதிச் சீட்டுகள் அலுவலகத்துக்குப் போகவே தேவையில்லை என்று தெரிந்துவிடும். பையன் தூங்கவில்லையா, பசியா, காய்ச்சலா என்ற கேள்வி அப்போதுதான் எழும். எல்லோர் முன்னாலும் மூன்று முறை கூப்பிட்டது ஆசிரியையின் தேர்வு என்பதும் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையன் நண்பர்கள் முன்னால் மானம் போகிறபோது பணியமாட்டான், எந்த இனத்துப் பையனும். பக்கத்தில் போய், குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்று முறைக்கக் கூடாது. அவன் தலை நிமிர ஒரு நிமிடமாவது விடுங்கள்.

அந்தச் சீட்டில் “மீண்டும்” என்ற வார்த்தை இருந்தது அல்லவா? 2015ல் ஜேசன் ஒகனோஃபுவா, ஜெனிஃபர் எபர்ஹார்ட் ஆகியோர் ஆசிரியர்களுக்கு இரண்டு சிறு குறும்புகளின் விவரத்தைக் கொடுத்தார்கள். மாணவனின் பெயர் மட்டும் சிலருக்குக் கறுப்பினப் பெயராகவும் சிலருக்கு வெள்ளையினப் பெயராகவும் இருந்தது. முதல் குறும்புக்குப் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாவதில்தான் கறுப்பினப் பெயருக்குக் கண்டிப்பு ஏறியது, “இவன் இப்படித்தான்” என்ற முத்திரையும் விழுந்தது. ஆகவே கவனமாக இருக்க வேண்டியது இரண்டாம் முறை. அந்த நேரத்தில் நேற்றைய கணக்கை இன்றைய காரியத்தோடு கூட்டாதீர்கள்.

இதே ஒகனோஃபுவா குழுவினர் 2016ல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. கலிபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியர்கள், பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறான், உறவை முறிக்காமல் எப்படிக் கண்டிப்பது என்று யோசிக்கவைக்கும் ஒரு சிறு இணையப் பயிற்சியைச் செய்தார்கள். அவர்களிடம் படித்த மாணவர்களில் அந்த ஆண்டு சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம். மற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்களில் 9.6 சதவீதம்.

பேச்சில் நடக்கும் குழப்பங்கள்

“எல்லாரும் இப்போ புத்தகத்தை எடுக்கலாமா?” பல நடுத்தர வெள்ளையினக் குடும்பங்களில் இது கட்டளை. “புத்தகத்தை எடு” என்று நேராகச் சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது கேள்வி, வேண்டாம் என்றும் சொல்லலாம். அவன் எடுக்காமல் இருக்கிறான், ஆசிரியைக்குக் கோபம் ஏறுகிறது, எதற்காக என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாக் கறுப்பின வீடும் ஒரே மாதிரி அல்ல. ஆனால் நேரான கட்டளை எந்தப் பிள்ளையையும் குழப்பாது. “புத்தகத்தை எடுங்க, பக்கம் 42.” குரலில் கடுமை வேண்டாம், தெளிவு போதும்.

பையன்கள் ஒருவரையொருவர் மாறி மாறிக் கிண்டலடித்துச் சத்தமாகச் சிரிப்பதைப் பார்த்தால் சண்டை என்று ஓடாதீர்கள். ‘டஸன்ஸ்’ என்று வழங்கும் வாய்ப்போட்டி அது, தலைமுறைகளாக வருவது. இருவரும் சிரிக்கிறார்களா, சுற்றி நிற்பவர்கள் ரசிக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவன் முகம் இறுகி, குரல் தாழ்ந்து, உடல் முன்னால் வந்தால்தான் உள்ளே நுழைய வேண்டும்.

அவன் வீட்டில் பேசும் ஆங்கிலத்தைக் கொச்சை என்று திருத்துவதும் வழக்கமான தவறு. கறுப்பின ஆங்கிலத்துக்கு உறுதியான இலக்கணம் உண்டு. “ஹி லேட்” என்றால் இப்போது தாமதம், “ஹி பி லேட்” என்றால் வழக்கமாகவே தாமதம். 1979ல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஒரு நீதிமன்றம், பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் புரிந்துகொண்டு வாசிப்பு கற்பிக்க வேண்டும் என்று பள்ளி மாவட்டத்துக்கு உத்தரவிட்டது. சத்தமாக வாசிக்கும்போது அவன் தன் உச்சரிப்பில் சொன்னால், பொருள் சரியாக இருக்கும்வரை குறுக்கிடாதீர்கள். எழுதும்போது இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த இடத்துக்கு என்று காட்டுங்கள்.

அன்பின் பெயரால் குறைத்து மதிப்பிடுவது

கண்டிப்பைவிட இது கண்ணுக்குத் தெரியாத தவறு, அதனால் அதிகம் நீடிக்கிறது. “பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ” என்று நினைத்து, ஓட்டை நிறைந்த கட்டுரைக்கு “அருமை!” என்று எழுதிக் கொடுப்பது. பையனுக்கு அது தெரியும். பக்கத்துப் பிள்ளையின் தாளில் சிவப்பு மை நிறைந்திருப்பதையும் அவன் பார்க்கிறான். இன்னொரு பக்கம், காரணம் சொல்லாமல் சிவப்பு மையை மட்டும் கொட்டினால், “இவங்களுக்கு என்னைப் பிடிக்கலை” என்று முடிவுகட்டிவிடுவான்.

டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் குழுவினர் 2014ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கறாராகத் திருத்தி, ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினார்கள். உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்கள் என்பது அதன் சாரம். வெறும் பொதுக் குறிப்பு கிடைத்த கறுப்பின மாணவர்களில் 100க்கு 17 பேர்தான் கட்டுரையைத் திருத்தி மீண்டும் கொடுத்தார்கள். இந்தச் சீட்டு கிடைத்தவர்களில் 70 பேருக்கு மேல். ஆனால் திருத்தம் உண்மையில் கறாராக இருக்க வேண்டும், மீண்டும் எழுத நேரமும் கொடுக்க வேண்டும். சீட்டு மட்டும் வெறும் இனிப்பு.

சிறப்புத் திறன் வகுப்புக்கு மாணவர்களைப் பரிந்துரைப்பதிலும் இதே கண் வேலை செய்கிறது. சோதனை மதிப்பெண் சமமாக இருந்தும் கறுப்பினப் பிள்ளைகள் விடுபடுகிறார்கள் என்று 2016ல் ஜேசன் கிரிஸ்ஸம், கிறிஸ்டஃபர் ரெடிங் காட்டினார்கள். உங்கள் நினைவிலிருந்து பெயர் எழுதாதீர்கள். மதிப்பெண் பட்டியலை விரித்து, மேலே இருப்பவர் ஒவ்வொருவரையும் ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேளுங்கள்.

“எனக்குப் பயமாக இருந்தது”

வெள்ளையினப் பெண் ஒருவர் கறுப்பினப் பையனைப் பற்றி இந்த வார்த்தையைச் சொன்னால் அதன் எடை வேறு. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில், கடைக்காரப் பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டான் என்ற புகாரை வைத்து, 14 வயது எம்மெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்களை முழுக்க வெள்ளையினத்தவர் கொண்ட ஜூரி விடுதலை செய்தது. கறுப்பினத் தாய்மார் ஒவ்வொருவருக்கும் இது தெரியும். பள்ளியிலிருந்து போன் வந்தால் அவர்கள் வயிறு கலங்குவது அதனால்தான். அடி, ஆயுதம், நேரடி ஆபத்து இருந்தால் உதவி கூப்பிடத்தான் வேண்டும். பையன் உயரமாக இருக்கிறான், குரல் உயர்த்தினான் என்பதற்காகப் பள்ளியிலேயே பணியில் இருக்கும் போலீஸைக் கூப்பிட்டால் ஒரு கண்டிப்பு விஷயம் கைது ஆகிவிடக்கூடும். அழுகை வந்தால் சக ஆசிரியையிடம் அழுங்கள், மாணவன் முன்னால் வேண்டாம். அங்கே அழுதால் அவன்தான் குற்றவாளி ஆவான்.

சின்னச் சின்னவை சில. தலைமுடியைத் தொடாதீர்கள், திரித்துவிட்ட ட்ரெட்லாக்ஸ் சடையையும் பின்னலையும் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். முடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019ல் கலிபோர்னியா தொடங்கி பல மாநிலங்கள் சட்டம் போட்டுள்ளன. பெயரைச் சுருக்காதீர்கள். அடிமை வாழ்க்கையை நடித்துக் காட்டும் பயிற்சி எந்த வகுப்பிலும் கூடாது. கறுப்பின வரலாற்றை அடிமைத்தனத்தில் தொடங்கி அங்கேயே நிறுத்துவதும் கூடாது. சூப்பர் சோக்கர் தண்ணீர்த் துப்பாக்கியைக் கண்டுபிடித்த நாசாப் பொறியாளர் லானி ஜான்சன் பெயரைச் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். “நான் நிறமே பார்ப்பதில்லை” என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். பிள்ளை அந்த நிறத்தோடுதான் தெருவில் நடக்கிறான், அதைப் பார்க்காதவர் அவனை எப்படிக் காப்பார் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

பெற்றோருக்கு முதல் போன், பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள், நல்ல செய்தியோடு போக வேண்டும். “நேற்று பின்னக் கணக்கை வேறு வழியில் போட்டுக் காட்டினான்” என்பதுபோல ஒரு குறிப்பான விஷயம், இரண்டு நிமிடம். “நல்ல பையன்” என்று பொதுவாகச் சொன்னால் அடுத்து புகார் வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். அந்தப் போனிலேயே கேளுங்கள்: கோபம் வந்தால் அவனை எப்படி அமைதிப்படுத்துவீர்கள்? பதிலை எழுதி வைத்து, அதன்படி செய்யுங்கள்.

தவறு நடந்துவிட்டால், எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். “நேற்று சத்தம் போட்டது யார் என்று பார்க்காமல் உன்னைக் கண்டித்தேன். அது என் தவறு.” இவ்வளவு போதும். உங்கள் மனநிலையை விளக்காதீர்கள், பரவாயில்லை என்று அவன் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பாடத்தைத் தொடங்குங்கள்.